வட்டம் கலைந்த கண்மணி

அத்தியாயம் 11

மூன்று நாட்களாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, "இதான் கடைசி. இந்தத் தபாவும் நீட்டுல வரலைன்னா, டாக்டரு கீக்டருன்னு இந்த வூட்ல யாரும் பேச்சே எடுக்கக் கூடாது" என்று பகலவன் சொன்னதும், "எனக்குக் கெடு வெக்க நீ யாருண்ணா?" என்று இசைவாணி தட்டைவிட்டு எழுந்துபோனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து அம்மா ஞானம்மாதான் தபால்காரி. "அண்ணனாண்ட சொல்லும்மா, கேன் தண்ணி தீந்துபோச்சு." "அவளாண்ட சொல்லு, எனக்கும் கண்ணு கீது, பாத்துக்கினுதான் கீறேன்."

சனிக்கிழமையும் அப்படித்தான் விடிந்தது.

இசைவாணிக்கு இருபது வயது. பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருடம். ப்ளஸ் டூ முடித்த கையோடு எழுதிய நீட் தேர்வில் 212. அடுத்த வருடம் 398. வருகிற மே மாதம் மூன்றாவது முறை. திங்கள் முதல் வெள்ளி வரை கல்லூரி. சனி, ஞாயிறு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸுக்கு உதவியாள்.

அந்த வேலையை வாங்கித் தந்தவன் பகலவன். அதே கம்பெனியில், தகட்டை அச்சில் அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் லைனுக்கு அவன் சூப்பர்வைசர். போன மாதம்தான் பதவி உயர்வு வந்தது. முட்டிவலியால் கொத்து வேலையை விட்ட அப்பா கோபால், இரண்டு வருடமாக அதே லைனில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மகனுக்குக் கீழே அப்பன் வேலை பார்ப்பதை அவர்கள் ஊரான பென்னலூரில் சிலர் கேலி பேசினார்கள். கோபாலுக்கு அதில் பெருமைதான். "எம் புள்ள எனக்கு ஆர்டர் போடறான்யா. ஒம் புள்ள ஒனக்கு ஒரு டீ சொல்லுவானா?" என்று திருப்பிக் கேட்பார்.

கம்பெனி வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்: 412' என்றொரு பலகை. திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆட்கள் வருவதால் அதற்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

ஒன்பதரை மணிக்கு அசெம்பிளிப் பிரிவில் ஒரு பெண் வயிற்றுவலியில் சுருண்டு விழ, நர்ஸ் கிளியம்மாள் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "தலவலி, காய்ச்சல்னு வந்தா உக்கார வை. நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. கதவு திறந்தது. அப்பா.

இடது கண்ணைத் தோளில் கிடந்த துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் ரஞ்சனி. அப்பாவுக்கு அடுத்த மெஷினில் வேலை செய்பவள், தூத்துக்குடிப் பக்கம்.

"ஒண்ணியும் இல்ல பாப்பா. தூசி வுழுந்துச்சு. கொஞ்சம் தண்ணி அடிச்சி சொட்டு மருந்து வுடு, போறேன்."

"துண்ட எடுங்கப்பா."

"அட, தூசின்றேன்..."

"எடுங்க. தேய்க்காதீங்க."

கட்டிலில் உட்கார வைத்தாள். கண் லேசாகத்தான் சிவந்திருந்தது. ரத்தம் இல்லை. அப்பா முகத்தில் பெரிய வலியும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, சொட்டு மருந்து விட்டு அனுப்பிவிடலாம். அந்த அறையில் வாரத்துக்கு நான்கு பேருக்கு அப்படித்தான் நடக்கும். அவள் கை மருந்துப் புட்டியை எடுத்தும்விட்டது.

பிறகு டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

வலது கண்ணின் பாவை வட்டமாக இருந்தது. இடது கண்ணில் வட்டம் இல்லை. கீழ்ப்பக்கமாக யாரோ பிடித்து இழுத்தாற்போலக் கூராக நீண்டிருந்தது. அந்தக் கூர் முடிகிற இடத்தில், கருவிழி ஓரத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு கீறல்.

இசைவாணி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

அவளுக்கு அந்தக் காயத்தின் பெயர் தெரியாது. எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. ஆனால் அதை அவள் பார்த்திருக்கிறாள். முதல் வருட ஆய்வகத்தில் ஆளுக்கொரு ஆட்டுக் கண் கொடுத்தார்கள். அவசரத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிட, வெட்டை மூடுவதாக நினைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே இருந்த பழுப்புச் சவ்வு வெட்டின் வழியே பிதுங்கிக்கொண்டு வந்தது. பாவை அந்தப் பக்கமாக இழுபட்டுக் கோணிப்போனது. வகுப்பே சிரித்தது. அன்று மாலை, தன் தப்புகளைக் குறித்துவைக்கும் 'தப்பு நோட்டில்' எழுதினாள்: 'அழுத்தினேன். அழுத்தியிருக்கக் கூடாது.'

மருந்துப் புட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, வலது கண்ண மூடுங்க. இது எத்தன விரல்?"

கோபால் சிறிது நேரம் பார்த்தார். "வெளிச்சம் தெரியுது. விரலு... பொக மாதிரி கீது. தூசி போனா சரியாப் பூடும்."

"இது தூசி இல்லப்பா. என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"வண்டில வர சொல்ல வுழுந்துச்சு."

"கம்பெனி பஸ்ல தான வந்தீங்க?"

ரஞ்சனிதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அச்சுல தகடு மாட்டிக்கிச்சு தாயி. அண்ணாச்சி சுத்தியல வச்சு ஓங்கி அடிச்சாவ. டிங்குன்னு ஒரு சத்தம். உடனே கண்ணப் பொத்திக்கிட்டாவ. நான் பாத்தேம்லா."

"ஏம்மா, ஒன்ன யாரு கேட்டா?" என்று கோபால் அதட்டினார்.

"என் பேர மட்டும் எழுதிராத தாயி" என்று சொல்லிவிட்டு ரஞ்சனி லைனுக்கு ஓடினாள்.

இரும்பின்மேல் இரும்பு. இசைவாணி ஒரு காகிதக் கப்பை எடுத்தாள். அதன் விளிம்பு கன்ன எலும்பிலும் புருவ எலும்பிலும் மட்டும் படும்படி, கண்ணைத் தொடாமல் கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டினாள். அப்பா தண்ணீர் கேட்டார். "வேணாம்பா. ஆபரேஷன்னு சொன்னா வெறும் வயிறா இருக்கணும்" என்றாள். 'ஆபரேஷன்' என்ற சொல்லைக் கேட்டதும் கோபாலின் கை கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டது.

கிளியம்மாளுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். அதே பதில்.

அப்போது பகலவன் உள்ளே வந்தான். சட்டைப் பையில் மூன்று கலர் பேனா, கையில் வாக்கி டாக்கி. மூன்று நாளுக்குப் பிறகு தங்கையிடம் நேராகப் பேசினான்.

"இன்னாது இது, கப்பெல்லாம் ஒட்டி வெச்சிருக்க? பத்து நிமிஷம் ரெஸ்ட் குடுத்து அனுப்பு. பதினோரு மணிக்கு லாரி கெளம்புது, இன்னும் முந்நூறு பீஸ் பாக்கி."

"கண்ணுக்குள்ள இரும்பு போயிருக்கு. கண் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். ஆம்புலன்ஸ் இல்ல, கம்பெனி வேன் வேணும். இந்தா, கேட் பாஸ்ல கையெழுத்துப் போடு."

"வேன் கேட்டா ஆக்சிடென்ட் ஃபார்ம் கேப்பாங்க. திங்கக்கெழம ஆடிட் வாணி. நானூத்திப் பன்னெண்டு நாளு! அது இன்னைக்கி ஜீரோ ஆச்சுன்னா..." வாக்கி டாக்கியின் சத்தத்தைக் குறைத்தான். "சாயங்காலம் நானே பைக்குல கூட்டிக்கினு போறேன்."

"சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ இன்னா டாக்டரா?"

போன வருடமாக இருந்தால் அந்தக் கேள்வியிலேயே அவள் சுருண்டிருப்பாள். இப்போது அவளுக்கே ஆச்சரியமாக, குரல் நிதானமாக வந்தது.

"இல்லண்ணா. நான் டாக்டர் இல்ல. அதனாலதான் டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்றேன்."

பகலவன் அவளையே பார்த்தான். பிறகு அப்பாவின் முகத்தில் ஒட்டியிருந்த காகிதக் கப்பைப் பார்த்தான்.

"நீ போடலைன்னா நூத்தியெட்டுக்கு அடிக்கிறேன். சைரன் போட்டுக்கிட்டு மெயின் கேட்டுக்கே வரும்" என்று இசைவாணி போனை எடுத்தாள்.

"வேணாம்." கேட் பாஸை அவள் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்திட்டான். "ஆனா ரிஜிஸ்டர்ல தூசின்னு எழுது."

ரிஜிஸ்டர் மேசைமேல் திறந்தே கிடந்தது. அவள் பேனாவை எடுத்து, அண்ணன் பார்க்கவே எழுதினாள். பெயர், நேரம். 'எப்படி நேர்ந்தது' என்ற கட்டத்தில்: 'அச்சில் சிக்கிய தகட்டை இரும்புச் சுத்தியலால் அடித்தபோது இடது கண்ணில் துண்டு பாய்ந்தது.' கீழே 'கோ. இசைவாணி' என்று கையெழுத்து.

பகலவன் வெளியே போய்விட்டான். கதவு தானாக அடித்துக்கொண்டது.

*

வேன் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. கோபால் தலையைச் சாய்த்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"பாப்பா. டாக்டராண்ட தூசின்னே சொல்லிடுவோம்."

"ஏம்ப்பா?"

"எழுதனது எழுதிட்ட. அத கம்பெனில பாத்துப்பாங்க. நாமளும் வாயத் தொறந்து சொல்லணுமா? ஒங்கண்ணன் இப்பதான் மேல வந்துக்கினு கீறான். ஒரு மாசங்கூட ஆவல."

"சுத்தியலால அடிச்சது நீங்கதான? அவன் பேரு எங்கப்பா வருது இதுல?"

கோபால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூடாத கண் மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது.

இசைவாணிக்குப் புரிந்துவிட்டது. அச்சில் தகடு மாட்டினால் பித்தளைச் சுத்தியலால்தான் தட்ட வேண்டும், இரும்பால் அடித்தால் சில்லு தெறிக்கும் என்று வீட்டில் எத்தனை தடவை அண்ணனே சொல்லியிருக்கிறான்! அப்பாவாக இரும்பைத் தூக்கியிருக்க மாட்டார். யாரோ கொடுத்திருக்கிறார்கள். லைனில் அந்த அதிகாரம் அண்ணனுக்குத்தான்.

அண்ணனுக்குப் போன் செய்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்து கடைசியில் எடுத்தான். பின்னால் பிரஸ் இடிக்கும் சத்தம்.

"அண்ணா, டாக்டர் எப்பிடின்னு கேப்பாங்க. நான் உண்மையச் சொல்லிடுவேன். ஆனா அப்பா இல்லன்னு சாதிப்பாரு, ஒனக்காக. நீ வந்து சொன்னாதான் ஒத்துப்பாரு."

பிரஸ் இரண்டு முறை இடித்தது.

"கேக்குதா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

*

கண் மருத்துவமனையில் சனிக்கிழமைக் கூட்டம். கப் ஒட்டிய முகத்தைப் பார்த்ததும் வரிசையை ஒதுக்கி உள்ளே விட்டார்கள். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. வளவளவென்று பேசுகிறவர் இல்லை. கருவியில் அப்பாவின் தாடையை வைக்கச் சொல்லி, வெகு நேரம் பார்த்தார்.

"ஓட்டை போட்டு உள்ளே போயிருக்கு. என்ன போச்சு?"

"தூசிம்மா" என்றார் கோபால்.

"தூசி இப்படிப் போகாது. கல்லா, கண்ணாடியா, இரும்பா?"

"இரும்பும்மா. சுத்தியலால அடிச்சப்போ" என்றாள் இசைவாணி.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சின்னப் புள்ள. ரோட்ல கல்லுப்பொடி பறந்து வுழுந்துச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, நான் போலீஸ் இல்ல. இரும்பு உள்ளே தங்கினா கண்ணுக்கு அது விஷம். எந்த மெட்டல், எது மேல எது பட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் என்ன ஸ்கேன், எப்படி எடுக்கறதுன்னு முடிவு பண்ண முடியும். பொய் சொன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்."

"கல்லுதாம்மா" என்றார் கோபால். சொல் மாறவில்லை.

"இரும்புதான் டாக்டர்."

கதவருகில் பகலவன் நின்றான். கம்பெனிச் சட்டையோடு, கையில் கிரீஸ் கறையோடு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். பைக்கில் பறந்து வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"அச்சும் இரும்பு, சுத்தியலும் இரும்பு. ரெண்டும் கெட்டிப்படுத்தின எஃகு. பித்தளச் சுத்தியல் டூல் ரூம்ல பூட்டிக் கெடந்துச்சு. சாவி வெச்சிருக்கறவன் லீவு. லாரி நிக்குதேன்னு நான்தான் இரும்ப எடுத்து இவர் கையில குடுத்தேன். சேஃப்டி கண்ணாடி போட்டுக்கினாரான்னுகூடத் திரும்பிப் பாக்கல." கடைசி வார்த்தைகள் தரையைப் பார்த்து வந்தன. "இவரு எங்கப்பா."

கோபால் மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா. இரும்புதான்" என்றார்.

டாக்டர் மளமளவென்று எழுதினார். ஸ்கேன். தடுப்பூசி. காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டார். ஆறு மணிக்கு மூன்று இட்லி. அதற்கப்புறம் தண்ணீர்கூட இல்லை. சக்கர நாற்காலி வந்து அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனது.

"இந்தக் கப்பை வெச்சது யாரு?"

"நான்தாம்மா."

"கழுவினீங்களா? மருந்து ஏதாவது விட்டீங்களா?"

"இல்லம்மா."

"என்ன படிக்கிற?"

"பி.எஸ்ஸி. விலங்கியல், ரெண்டாம் வருஷம். மூணாவது தடவையா நீட் எழுதப்போறேன்."

இந்தப் பதிலைச் சொல்ல நேர்ந்த கல்யாண வீடுகளிலும் பேருந்துகளிலும் 'மூணாவது' என்ற சொல்லை அவள் எப்போதும் விழுங்கிவிடுவாள். இன்று பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கழுவாம, அழுத்தாம, வெறும் வயித்தோட கொண்டுவந்தது பாதி வேலை. மீதிப் பாதிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது" என்று டாக்டர் எழுந்துகொண்டார். "பார்ப்போம்."

*

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நீளப் பெஞ்சு. அண்ணன் ஒரு முனையில், தங்கை மறுமுனையில்.

இசைவாணி எதிர்ச்சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

212 வாங்கிய வருடம் பன்னிரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அந்த இசைவாணி புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் விழிப்பாள். அதற்குப் பிறகுதான் தப்பு நோட்டு போட்டாள். தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதினாள். தெரியாமல் விட்டதைவிட, தெரிந்தும் அவசரத்தில் விட்டதும், தெரிந்தும் பயத்தில் மாற்றி எழுதியதும்தான் அதிகம் என்று கண்டபோது தலையில் அடித்துக்கொண்டாள். போன வாரம் மாதிரித் தேர்வில் 486 வந்தது அந்த நோட்டினால்தான்.

இத்தனை நாளும் தான் வளர்ந்திருக்கிறோமா இல்லையா என்பதை அந்த எண்களை வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தாள். இன்று காலை அவளுக்குக் காயத்தின் பெயர் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக அவள் கை நிற்கவில்லை. இதற்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் போடுவார்கள்?

அண்ணன் செய்தது அவசரத் தப்பு. அப்பா சொன்னது பயத்தின் தப்பு. இரண்டையும் இரண்டு வருடமாகத் தன் கையெழுத்திலேயே படித்துப் பழகியவளுக்கு, அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ போன் பண்ண சொல்ல, வரக் கூடாதுன்னுதான் கட் பண்ணேன்" என்றான் பகலவன். "அப்பால லைன்ல அப்பாவோட ஸ்டூலப் பாத்தேன். அவரு கிளவுஸு கீழ கெடந்துச்சு. அதுல ஒரு துளி ரத்தம், கடுகு சைஸ்ல. அத்தோட வண்டிய எடுத்துட்டேன்."

"வந்தியே."

"கண்ணு தெரியுமா வாணி?"

"தெரியலண்ணா." பொய்யாகவாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞானம்மா வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. பெண்கள் விடுதி மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தவள் மஞ்சள் கறைச் சேலையோடு ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். நடந்ததை இசைவாணி ஒளிக்காமல் சொன்னாள். ஞானம்மா கேட்டு முடித்து மகன்முன் போய் நின்றாள்.

"அந்தாளு கண்ணு பூட்டா, நீ யாருக்குடா சூப்பர்வைசரு?"

பகலவன் தலை நிமிரவில்லை.

"நீயே வந்து சொன்னியாமே?"

"ம்."

"அந்த மட்டுக்கும் சரி" என்று சொல்லி, இன்னும் கழற்றாமலே அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அவர் கையிலிருந்த விரலளவு கண்ணாடிப் புட்டியின் அடியில் எள்ளில் பாதி இருக்கும், ஒரு கறுப்புத் துணுக்கு.

"எடுத்தாச்சு. காயத்தைத் தச்சிருக்கேன். பார்வை எவ்வளவு மிஞ்சும்னு கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும். நாளைக்குக் காலைல." புட்டியை நீட்டினார். "இது உங்க கம்பெனிக்குத் தேவைப்படலாம்."

பகலவன்தான் கை நீட்டி வாங்கினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த நேரத்தில்தான் அவன் போன் அடித்தது. திரையில் 'புருஷோத்தமன் சார், எச்.ஆர்.'

எழுந்து ஓரமாகப் போகப் பார்த்தான். "இங்கயே பேசுண்ணா. ஸ்பீக்கர்ல போடு" என்றாள் இசைவாணி. ஒரு கணம் தயங்கினான். போட்டான்.

"பகலவன், அப்பா எப்படி இருக்கார்? நல்லா பாத்துக்கோ, செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்." குரல் வெண்ணெயாக இருந்தது. "அந்த ரிஜிஸ்டர் விஷயத்துல நீ கவலைப்படாத. தங்கச்சி சின்னப் பொண்ணு, பதட்டத்துல எதையோ எழுதிட்டா. அந்தப் பக்கத்தை எடுத்தாச்சு. புதுசா ஒண்ணு எழுதி ரெடியா வெச்சிருக்கோம், தூசின்னு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு அவ வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். உன் மேலயும் ஒரு தூசு படாது. சொல்லிடறியா?"

ஞானம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

பகலவனின் ஒரு கையில் புட்டி, மறு கையில் போன். புட்டியை ஒரு தடவை பார்த்தான். பிறகு போனை மெதுவாகத் தங்கையின் பக்கம் நீட்டினான். சரியென்று சொல்லச் சொல்கிறானா, முடியாதென்று சொல்லச் சொல்கிறானா, அவன் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

அவள் அதை வாங்கினாள்.

"சார், நான் இசைவாணி பேசுறேன்" என்றாள். "அந்தப் பக்கத்த எழுதினவ."